அப்பாவின் சுங்கச் சாவடி

குற்றாலத்துச் சாரல் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு வாயூறும். எனக்குக் குமட்டும். கல்யாண வீட்டில் நாம் நாலு கிழங்கள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும், அந்தக் காலத்துச் சாரல் மாதிரி வருமா, அந்த எண்ணெய்க் குளியல் மாதிரி வருமா என்று யாராவது ஆரம்பித்துவிடுவீர்கள். நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். ஏன் போகிறேன் என்று உங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சிக்கு வாடை அடிக்கிற நல்லெண்ணெயும் பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலும் சேர்ந்தால் ஒரு நாற்றம் வருமே, அதுதான் எனக்குக் குற்றாலம். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் மூக்கைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் இரண்டாம் தாரத்து மகள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பாவுக்கு அறுபது தாண்டியிருந்தது, அம்மாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மூத்த தாரத்து மகனை நான் அண்ணன் என்று கூப்பிட வேண்டும். அவருக்கு அம்மாவைவிடப் பத்து வயது அதிகம். அம்மாவை அவர் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டது கிடையாது. "இந்தா", "அங்கன யாரு" இவ்வளவுதான். தென்காசி வீட்டின் முன்கட்டில் அண்ணனும் மதினியும் அவர்கள் மகளும் இருந்தார்கள், பின்கட்டில் நாங்கள் மூன்று பேர். அந்த மகள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். முறைக்கு நான் அவளுக்கு அத்தை. இந்த லட்சணத்தில் இருந்தது குடும்பம்.

அப்பா சுங்கச் சாவடியில் வேலை பார்த்தவர். செங்கோட்டை அன்றைக்கு வேறு ராஜ்யம், திருவிதாங்கூர் என்பதை நம் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். தென்காசியிலிருந்து அந்தப் பக்கம் போகிற வண்டியானாலும் தலைச்சுமையானாலும் எல்லைச் சாவடியில் நின்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உப்பு, புகையிலை, மிளகு, துணி, எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. மூட்டைக்குள் குத்தூசியைச் சொருகிப் பார்ப்பார்கள். அப்பாவுக்குத் திருப்தியானால் சீமைச் சுண்ணாம்பால் மூட்டைமேல் ஒரு கோடு இழுத்து "போகலாம்" என்பார். ஒருமுறை என்னை அங்கே கூட்டிப் போயிருந்தார். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தையே பார்த்தபடி வாசலில் நின்றார்கள். அவர் சொல்லாமல் ஒருத்தரும் காலெடுத்து வைக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலையை விட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்த பிறகு அவருக்கு மறதி பிடித்தது. முதலில் சாப்பிட்டதை மறந்தார். பிறகு தெருவை மறந்தார். அப்புறம் அம்மா யாரென்று தெரியவில்லை, நான் யாரென்றும் தெரியவில்லை. சாவடி மட்டும் மறக்கவில்லை. உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி வைத்துக்கொண்டு பின்கட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தலையணைக்குள் கம்பியைச் சொருகுவார். அரிசிப் பானைக்குள் சொருகுவார். மாட்டுக்கு வந்த வைக்கோல்கட்டையும் விடமாட்டார். வீடு முழுக்க இலவம்பஞ்சு பறந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அவரைக் கண்டால் அருவருப்பாக இருந்தது. வேட்டியோடு போய்விடுவார். வாயில் வைத்த சோற்றில் ஏதோ கலப்படம் என்று இலையிலேயே துப்புவார், துப்பியதை விரலால் கிளறிப் பார்ப்பார். அம்மா முகம் சுளிக்காமல் வாரி எறிந்துவிட்டு இன்னொரு பிடி வைப்பாள். அதையும் துப்புவார். கெஞ்சிப் பார்த்தாள், சாமி பேரைச் சொல்லிப் பார்த்தாள், ஒருநாள் அவரைப் பார்த்துச் சத்தம்கூடப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. எலும்பும் தோலுமாகிக்கொண்டே போனார். சோறு இறங்காவிட்டால் இவர் தை வரைக்கும் தாங்கமாட்டார் என்று கிணற்றடியில் அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் கம்பியை நீட்டி என்னை மறித்தார்.

"நில்லு. என்ன சரக்கு?"

எனக்கு எரிச்சல். பையில் கடலை இருந்தது. "கடலை" என்றேன்.

"எங்கன இருந்து வருது?"

"கடையநல்லூர்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பையைத் திறந்து பார்த்தார். ஒரு கடலையை உடைத்து மோந்தார், வாயில் போட்டு மென்றார், விழுங்கினார். நன்றாகக் கேளுங்கள், விழுங்கினார். வேட்டி மடிப்பிலிருந்து சீமைச் சுண்ணாம்பை எடுத்துப் பையில் ஒரு கோடு இழுத்தார். "நயம் சரக்கு. போகலாம்" என்றபோது அவர் முகம் பழைய அப்பாவின் முகமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ஓலைக் கொட்டானில் சோற்றையும் பருப்பையும் பிசைந்து எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"என்ன சரக்கு?"

"செங்கோட்டைச் சந்தைக்குச் சோறு கொண்டு போறேன் எசமான். ருசி பாத்து விடுங்க."

ஒரு கை எடுத்தார். "ஒரு கைல எப்படித் தெரியும்? அடியில உள்ளதைப் பாக்கணும்" என்று இன்னொரு கை எடுத்தார். கொட்டான் காலியாகும்வரை சோதனை நடந்தது. கடைசியில் வெறும் கொட்டானில் கோடு இழுத்து அனுப்பிவைத்தார். அம்மா கதவிடுக்கில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள்.

அதன்பிறகு அம்மாவும் சேர்ந்துகொண்டாள். குளிக்க வைக்க வேண்டுமானால், "பெரிய தொரை சோதனைக்கு வாறாவளாம், உடுப்பு மாத்தணுமாம்" என்பாள். உடனே எழுந்துவிடுவார். சோறு கொண்டுபோகிறபோது தலையில் முக்காடு போட்டு, தயிர்க்காரி மாதிரி இடுப்பில் சட்டியை வைத்துக்கொள்வாள். மறதி வருவதற்கு முந்தி, அத்தனை வருஷக் குடித்தனத்தில் அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் பார்த்ததில்லை. நடையில் குனிந்து நின்று "சாப்பாடு ஆயிட்டு" என்பதோடு சரி. இப்போது சாவடியில் நின்று வாயடித்தாள்.

"ஒனக்கு வீடு எங்கன தாயி?" என்று ஒருநாள் கேட்டார்.

"தென்காசிலதான் எசமான்."

"கெட்டிக் குடுத்தாச்சா?"

"ஆச்சு."

"மாப்பிள்ள எப்படி?"

அம்மா சட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். "நல்லவுகதான். என்னைய உக்காரச் சொல்லி ஒருநாளும் பேசுனதில்ல, அவ்வளவுதான்" என்றாள்.

"அட கெட்ட பயலே" என்றார் அப்பா. நாற்காலியைவிட்டு எழுந்து, "இதுல உக்காரு தாயி, நெடுந்தொலைவு நடந்து வந்திருக்கே" என்றார். அம்மா உட்கார்ந்தாள். சட்டிக்குள் கம்பியை விடாமலே கோடு போட்டுவிட்டார்.

அந்த வருஷம் ஆனி மாதம் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவைப் பின்கட்டில் வைத்துப் பூட்டச் சொல்லி அண்ணன் உத்தரவு. மதினி அவசரத்தில் கொண்டியைச் சரியாக மாட்டவில்லை. கூடத்தில் பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அப்பா குடைக்கம்பியோடு வந்து நின்றார். மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலை, பூ, பழம் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். யாரும் தடுப்பதற்குள் கம்பி அதற்குள் போய்விட்டது. பட்டு கிழிகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் பதறி எழுந்து மூட்டையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"மடியில என்ன ஒளிக்கே? அவுத்து ஒதறு" என்றார் அப்பா.

அப்புறம் என்ன, சம்பந்தம் முறிந்தது. வந்தவர்கள் கலர் சோடாவைக்கூடத் தொடவில்லை. அன்று சாயங்காலம் அண்ணன் பின்கட்டுக்கு வந்தார். நான் கொட்டானை நீட்டியபடி நிற்பதையும் அப்பா சோறு தின்பதையும் பார்த்தார்.

"இதான் சங்கதியா? கிறுக்கன் ஆடுற ஆட்டத்துக்கு ஆத்தாளும் மகளும் மேளம் அடிக்கியளோ? நீங்கதான் இதை வளத்து விட்டுருக்கிய."

"இப்படிக் குடுத்தாத்தான் சாப்பிடுதாவ" என்றாள் அம்மா.

"பேசாத."

குடைக்கம்பியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். சுண்ணாம்பைக் காலில் போட்டு நசுக்கினார். அப்பா அந்தப் பொடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

வைத்தியர் வந்தார். வந்தவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் இமையை விரலால் விரித்துப் பார்த்துவிட்டு, "சூடு சிரசுக்கு ஏறிட்டு. தலையை மழிச்சு, எலுமிச்சம்பழம் தேச்சு, ஒரு மண்டலம் பேரருவித் தண்ணியில நிப்பாட்டுங்க. எத்தனை கிறுக்கு தெளிஞ்சிருக்கு அங்கன" என்றார். குற்றாலத்துத் தண்ணீர் தலையில் விழுந்தால் பைத்தியம் தெளியும் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவுக்கு வந்தது பைத்தியம்தானா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

குற்றாலத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. மலையெல்லாம் மேகம், நாள் முழுக்கப் பூத்தூறல், தெருவெல்லாம் சேறு. துவைத்த துணி காயாமல் புளித்த வாடை அடித்தது. அழகு அழகு என்கிறீர்களே, அந்த அழகுக்கு நடுவில் ஒரு மனிதரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

எண்ணெய் தேய்க்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தருக்கு முறம் மாதிரி கை. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே அப்பாவின் தலையைத் தேங்காயைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்வார். நாவிதர் மழித்த மண்டையில் அங்கங்கே கத்தி பட்டு ரத்தம் கசிந்திருக்கும். அதன்மேல் எலுமிச்சம்பழம். பழம் நறுக்கித் தருகிற வேலையை மதினி எனக்குக் கொடுத்திருந்தாள். சாறு பட்டதும் அப்பா கத்துவார். "நல்லா ஏறுது, அதான் எரியுது" என்பார் எண்ணெய்க்காரர். பிழிந்த தோல்கள் முற்றத்து மூலையில் குவிந்து, பூசணம் பூத்து, ஈ மொய்த்துக் கிடந்தன. அதை அள்ளிப்போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு அருவிக்கு. பேரருவியில் விழுகிற தண்ணீர் உங்களுக்குத் தெரியும், திடகாத்திரமான ஆளுக்கே மூச்சு முட்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அப்பாவை அதற்கு அடியில் தள்ளி நிறுத்துவார்கள். அவர் அலறுவார்.

"மூடையை நனைக்காதியலே! உப்பு மூடைலே! கரைஞ்சு போவும்லே!"

வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும். சீசனுக்கு வந்த சீமான்கள் ஈரத் துண்டோடு நின்று, வாழைப்பழம் தின்றுகொண்டே சிரித்தார்கள். ஒருத்தர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்து, "அந்தா பாரு கிறுக்கு, உப்பு மூடைங்கான் பாரு" என்று காட்டினார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காவிட்டால் இந்தக் கிறுக்கனின் மகன் என்று தெரிந்துவிடுமே. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அம்மா பெண்கள் பக்கத்துப் பாறையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அலறுகிறபோதெல்லாம் எழுந்திருப்பாள், மதினி தோளைப் பிடித்து உட்காரவைப்பாள்.

நாளாக ஆக அலறல் குறைந்தது. ஒருநாள் அலறலே இல்லை. நிறுத்தின இடத்தில் நின்றார், தண்ணீர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. இழுத்தால் வந்தார், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்.

"தெளிஞ்சிட்டு, பாத்தியளா" என்றார் அண்ணன். எண்ணெய்க்காரர்களுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். மதினி பாயசம் வைத்தாள். வைத்தியருக்குப் பழத்தட்டு போயிற்று. பாயசத்தை நானும் ஒரு வாய் வாங்கினேன், தோல் குவியல் பக்கம் போய்த் துப்பிவிட்டேன்.

தென்காசிக்குத் திரும்பியதும் அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, முன்கட்டிலேயே உட்காரவைத்தார்கள். வருகிறவர்களிடம் அண்ணன் காட்சிப் பொருள் மாதிரி காட்டினார். "ஒரு சத்தம் கெடையாது. சொன்ன பேச்சுக் கேக்காவ." புதிதாகப் பெண் பார்க்க வந்தவர்கள், பெரியவர் என்ன சாந்தமாக இருக்கிறார் என்று மெச்சினார்கள். நிச்சயமும் ஆகிவிட்டது. ஆவணியில் பந்தக்கால் நட ஏற்பாடு நடந்தது.

ஆனால் சாந்த சொரூபி சாப்பிடவில்லை. துப்பக்கூட இல்லை. வாயில் வைத்த சோறு வைத்தபடியே இருந்து கடைவாய் வழியாக ஒழுகும். அம்மா முக்காடு போட்டுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். "சரக்கு கொண்டாந்திருக்கேன் எசமான்" என்றாள். அவர் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். நான் கொட்டானோடு நின்றேன். கடலை, அவல், கருப்பட்டி, எல்லாம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லை. சாவடியை இழுத்து மூடிவிட்டார்கள். அம்மா முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டுச் சட்டியை உள்ளே எடுத்துப் போவாள். மறுபடி அந்தக் கிணற்றடிப் பேச்சு ஆரம்பித்தது.

ஒன்றைக் கவனித்தேன். கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனால் வருவார். வாசல்படி வந்ததும் நின்றுவிடுவார். எந்த வாசலானாலும் சரி. இழுத்தால் கால் தடுக்கி விழுவார். இது புதிய முரண்டு என்று மதினி திட்டுவாள். ஒரு மத்தியானம் அடுக்களை வாசலில் அப்படி நின்றார். அம்மா உள்ளே இலை போட்டு வைத்திருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார். இப்படி நின்றவர்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. சாவடியில் அந்த மீசைக்காரர்கள் நின்றார்களே, அச்சு அசல் அதே நிற்பு.

அடுக்களைப் படியில் ஏறி நின்று, குரலை எவ்வளவு தடிக்க வைக்க முடியுமோ அவ்வளவு தடிக்க வைத்து, "நில்லும். என்ன சரக்கு?" என்றேன்.

கட்டிய கையைப் பிரித்தார். இரண்டு உள்ளங்கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார். குற்றாலத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

"ஒண்ணுமில்ல எசமான். எல்லாத்தையும் அங்கனயே எறக்கிப் போட்டாவ."

உள்ளே அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. என் பையில் பள்ளிக்கூடத்துச் சுண்ணாம்புத் துண்டு ஒன்று இருந்தது. வெறும் கையாக வருகிறவரை எப்படி அனுப்புவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் வலது உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தேன். "போகலாம்" என்றேன்.

அப்பா படியைத் தாண்டினார். யாரும் பிடிக்காமல் தானாகப் போய் இலை முன்னால் உட்கார்ந்தார். கோடு அழிந்துவிடக்கூடாதென்று வலது கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டார். இடது கையால் சோற்றை அள்ளி வாயில் வைத்தார், மென்றார், விழுங்கினார்.

சத்தம் கேட்டு அண்ணன் முன்கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சீ! எடக்கையாலயா திங்காரு? பந்தக்கால் நடப்போற வீட்டுல என்ன அருவருப்பு இது?"

அந்தச் சாரல் முழுக்கப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவருக்கு, அருவருப்பு என்ற ஒன்று அன்றைக்குத்தான் வந்தது. அம்மா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. இலையில் இருந்த பொரியலையும் ஊறுகாயையும் எடுத்து அப்பாவின் இடது கைக்கு எட்டுகிற பக்கமாக மாற்றி வைத்தாள்.